எழுபது வளைவுக்கு மேலே ஒரு சிக்னல் பாறை

முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவன் நான். நாமக்கல்லில் முட்டை ஏற்றி குவாஹாத்தியில் இறக்கியிருக்கிறேன். ஜம்முவுக்குப் போகும் பாதையில் பனிக்குள் இரண்டு நாள் வண்டியோடு நின்றிருக்கிறேன். தொப்பூர், திம்பம், கசாரா என்று எந்தக் கணவாயைச் சொன்னாலும் எந்த வளைவில் எந்தக் கியர் என்று இப்போதும் தூக்கத்தில் சொல்வேன். ஆனால் சேந்தமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கும்போது எதிரே தெரிகிறதே கொல்லிமலை, அதற்கு மட்டும் நான் போனதே இல்லை. லோடு கிடைக்காத ஊருக்கு லாரிக்காரன் எதற்குப் போகிறான்?

அந்தக் குறை போன மாசியில் தீர்ந்தது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் சட்டைப் பையில் ஓர் அரசாங்க உத்தரவு இருந்தது. அதில் என் மகளிடம் கையெழுத்து வாங்கி, ஆளையும் கையோடு கீழே கூட்டி வர வேண்டும். என்னை அனுப்பியது என் மனைவி செல்வி.

மகள் தாரணிக்கு இருபத்தாறு வயது. இரண்டு அரசாங்கப் பரீட்சை எழுதினாள். முதலில் வனக்காவலர் வேலை வந்தது. பயிற்சி முடித்ததும் கொல்லிமலைக் காப்புக்காட்டில் போட்டார்கள். எட்டு மாதமாகிறது. இப்போது இரண்டாவது பரீட்சையின் பலனும் தபாலில் வந்துவிட்டது. நாமக்கல்லில் இளநிலை உதவியாளர் வேலை. தலைக்கு மேல் மின்விசிறி, உட்கார நாற்காலி, ஆறரைக்கெல்லாம் வீடு. செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு ரத்து.

செல்விக்கு அந்த மலைமேல் குறைகள் பல. கரடி இருக்கிறது, பாம்பு இருக்கிறது, காக்கி போட்ட பெண்ணுக்கு வரன் வராது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு குறை. மகள் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு போன் செய்வாள். மூன்று நிமிடத்துக்கு மேல் பேசமாட்டாள். நாம் கூப்பிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

"பெத்தவகிட்டப் பேச மூணே நிமிஷமுங்க. அதுக்குள்ள வெச்சர்றேம்மாங்கறா. அப்படி அங்க என்னதான் தலை போற வேலை?" என்று ஆரம்பித்தவள், "ஏனுங்க, நீங்க வாரீங்கன்னு அவகிட்டச் சொல்லீராதீங்க. சொன்னா ஏதாச்சும் சாக்கு ரெடி பண்ணி வெச்சுருவா" என்று முடித்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். பையில் தாரணிக்குக் கச்சாயப் பலகாரம், ஒரு டஜன் அவித்த முட்டை. தனியாக ஒரு சீப்புப் பூவன் பழம். அந்தப் பழம் மகளுக்கு இல்லை. எங்கள் லாரித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மலைப்பாதை ஏறும்போது குரங்கைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி, "ஆஞ்சநேயா" என்று சொல்லிப் பழம் போட்டுவிட்டுத்தான் ஏறுவோம். நாமக்கல்காரர்களுக்கு அதில் உரிமை கொஞ்சம் அதிகம், ஆஞ்சநேயர் எங்கள் ஊர்க்காரர். அதிலும் சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்.

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு கிடைத்தது. காரவள்ளி சோதனைச் சாவடி தாண்டியதும் மலை நேராக நெற்றிக்கு எதிரே வந்து நின்றது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. மொத்தம் எழுபது. எழுபது! எனக்குக் கைகள் துறுதுறுவென்று ஆகிவிட்டன. முதல் வளைவிலேயே என் இடது கால் தானாகக் கிளட்சை மிதித்தது. வலது கால் பிரேக்கில் இருந்தது. பின்சீட்டில் தவிட்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பத்து வளைவு வரை பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, தரையப் போட்டு இந்த மிதி மிதிக்கறீங்களே. பஸ்ஸ ஓட்டறது அவருங்களா, நீங்களா?"

கால்களைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அடிவாரத்தில் நம் சமவெளியின் அதே முள்ளும் அதே காய்ந்த புல்லும்தான். இருபதாவது வளைவுக்கு மேல் மூங்கில் வந்தது. முப்பதுக்கு மேல் மரங்கள் உயர்ந்து ரோட்டின் மேல் கைகோத்துக்கொண்டன. ஜன்னல் காற்று சட்டென்று குளிர்ந்தது. காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன், திறந்தது. கீழே குனிந்து பார்த்தால் நாங்கள் ஏறி வந்த ரோடு ஏழெட்டு மடிப்பாகக் கிடந்தது. இதை விட்டுவிட்டு குவாஹாத்தி வரை போய் மலை பார்த்திருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாற்பதைத் தாண்டியதும் பஸ் நின்றது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையில் முதல் பாடம். எதிரே வந்த ஒரு வெளியூர்க் கார் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. வளைவின் உள்பக்கம் வந்து மூக்கை நுழைத்து, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் மாட்டிக்கொண்டது. அதன் பின்னால் வாழைத்தார் ஏற்றிய பிக்கப், அதன் பின்னால் இன்னும் நாலு வண்டி. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. குதித்து இறங்கினேன். பிக்கப்பைப் பின்னால் தள்ளச் சொல்லி, காரோட்டி வந்த பையனிடம் "தம்பி, என் கைய மட்டும் பாரு, பள்ளத்தைப் பாக்காதே. லெப்டு ஒடி... ஒடி... நிறுத்து. இப்ப ரைட்டு" என்று கால் மணி நேரத்தில் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பஸ் கண்டக்டர் பக்கத்தில் வந்து, "அண்ணா, நீங்க எந்த டெப்போங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனத்துக்கு அளவே இல்லை.

அந்த மிதப்பில்தான் பழச் சீப்பைக் கையில் எடுத்தேன். தடுப்புச் சுவரில் பத்துப் பன்னிரண்டு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "ஆஞ்சநேயா" என்று சொல்லி ஒன்று போட்டேன், இரண்டு போட்டேன். மூன்றாவதை உரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

"ஐயா! கொரங்குக்குப் பழம் போடாதீங்க. கையக் கீழ எறக்குங்க."

திரும்பினேன். காக்கி உடுப்பு, பூட்ஸ். ஹெல்மெட்டைக் கழற்றினாள். தாரணி.

"அப்பா?"

"சாமி..." என்றேன், அவளை வீட்டில் கூப்பிடுகிற வழக்கத்தில். என் கையில் பாதி உரித்த பழம்.

அவள் என்னைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், ஜன்னல்களில் எட்டிப் பார்த்த ஒரு பஸ் சனத்தைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக ஆனது. அடுத்த நொடி பையிலிருந்து அபராத ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

"பேரு சொல்லுங்க."

"ஏஞ்சாமி, எம் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்கப்பா. நீங்க சொல்லித்தான் எழுதோணும்."

"பழனிச்சாமி."

"தொழில்?"

"லாரி டிரைவர். இப்ப இல்ல."

"கொரங்குக்குத் தீனி போடக் கூடாதுன்னு அடிவாரத்துல போர்டு இருக்குதே, பாக்கலீங்களா?"

"வளைவு நம்பரை மட்டுந்தான் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது.

தவிட்டு மூட்டை அம்மாளுக்குத் தாங்கவில்லை. "பெத்த அப்பனுக்கே சீட்டுக் கிழிக்கறாளே, இதென்ன கூத்து!" என்றார். எனக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எரிச்சலுக்கு அடியில் நெஞ்சு கொஞ்சம் விரியவும் செய்தது. யாருக்கும் பயப்படாமல் எழுதுகிறாளே!

ரசீதைக் கொடுத்துவிட்டுத் தடுப்புச் சுவரின் கோடியைக் காட்டினாள். அங்கே ஒரு பெண் குரங்கு, வயிற்றில் குட்டியோடு. அதற்கு ஒரு கை முழங்கையோடு முடிந்திருந்தது.

"போன மாசம் வரைக்கும் இதுக்கு ரெண்டு கையும் இருந்துச்சுங்கப்பா. யாரோ போட்ட பழத்தப் பொறுக்க ரோட்டுக்கு வந்துச்சு. வேன் சக்கரம் ஏறிருச்சு. காட்டுக்குள்ள இதுகளுக்கு அத்தி இருக்குது, நாவல் இருக்குது. நம்ம பழத்தக் காட்டிக் காட்டி ரோட்டுல குடி வெச்சுட்டோம்."

முப்பத்தொரு வருடம், எத்தனை கணவாய், எத்தனை சீப்புப் பழம். போட்டுவிட்டு ஏறிப் போய்விடுவேன். பின்னால் என்ன நடந்தது என்று கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை. மிச்சப் பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

செம்மேட்டில் இறங்கியதும் செல்விக்குப் போன் போட்டேன். சீட்டு வாங்கிய கதையைச் சொல்லவில்லை. "உத்தரவைக் காட்டுனீங்களா?" என்றாள். "இப்பத்தானே வந்திருக்கறேன்" என்று வைத்துவிட்டேன். தாரணி வேலை முடித்து, அன்றைக்குச் செம்மேட்டிலிருந்தே அம்மாவுக்குப் பேசிவிட்டு வந்ததும், வனத்துறை ஜீப்பில் இன்னும் முக்கால் மணி நேரம். காப்புக்காட்டின் ஓரத்தில் பத்துப் பதினைந்து வீடுள்ள ஒரு சிற்றூர், அதன் கடைசியில் அவள் குவார்ட்டர்ஸ். வழியெல்லாம் மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், நிழலில் காப்பிச் செடிகள். அவளோடு வேலை பார்க்கும் வாட்சர் சடையன் அந்த ஊர்க்காரர். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். அவர் வீட்டிலிருந்து சாமைச் சோறும் அவரைக் குழம்பும் வந்தன. நான் முட்டையைப் பங்கு வைத்தேன்.

"மேடம் அவங்க அப்பாவுக்கே சீட்டுப் போட்டாங்கன்னு மலை பூராப் பேச்சுங்க. இனி எவனும் காட்டுக்குள்ள பீடி பத்த வெக்க மாட்டானுங்க" என்று சடையன் முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த உத்தரவு அன்று அங்கேயே இருந்தது.

ஞாயிறு விடியற்காலை ஒரு சீட்டிச் சத்தத்தில் விழித்தேன். யாரோ ஒருவன் பாட்டு மெட்டைப் பாதி மறந்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஆரம்பிப்பதுபோல் இருந்தது. இந்தக் குளிரில் எவன் சீட்டியடிக்கிறான் என்று கதவைத் திறந்தால் மூடுபனி. ஓடைக் கல்லின் மேல் கருநீலத்தில் ஒரு பறவை. சீகாரப் பூங்குருவி என்றாள் தாரணி. நான் போர்வையோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பி ஆறிப்போனது.

"காட்டுக்குள்ள வாரீங்களாப்பா? எட்டுக் கிலோமீட்டர் நடை. முட்டி தாங்குமா?"

கிளட்ச் மிதித்துத் தேய்ந்த முட்டிதான். ஆனாலும் வருகிறேன் என்றேன்.

காப்புக்காட்டுக்குச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. சுண்ணாம்பு அடித்த கற்குவியல்கள்தான் எல்லை. ஒவ்வொன்றிலும் ஓர் எண். அவை நகராமல், யாரும் நகர்த்தாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போவது அவள் வேலைகளில் ஒன்று. முதல் கற்குவியலைத் தாண்டி பத்தடி வைத்ததும் வெளிச்சம் பாதியானது. மரங்களின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணியின் மேல் சொட்டுச் சொட்டாக மூடுபனி. காலுக்கடியில் மெத்தென்று சருகு. கீழே நம் ஊரில் போர் போடுகிறவன் ஆயிரம் அடிக்குப் போயும் தூசிதான் வருகிறது. இங்கே பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் தானாக வழிகிறது! கையைக் குவித்துக் குடித்தேன், முகத்தைக் கழுவினேன், திரும்பவும் குடித்தேன். சடையன் சிரித்தார்.

ஒரு மலை அணிலைக் காட்டினார்கள். அணில் என்றால் நம் வீட்டு மதிலில் ஓடும் அணில் என்று நினைத்துக்கொண்டு தேடினேன். பூனையைவிடப் பெரிதாக, செங்கறுப்பு நிறத்தில், இரண்டடி வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. "அடேங்கப்பா!" என்று நான் கத்தினேன். அது போய்விட்டது. மகள் என்னை முறைத்தாள்.

காட்டின் ஓரத்துப் புல்வெளிக்கு வந்தால் அங்கே ஒரு ரோடு. பத்தடி அகலம், ஒரு சருகு விடாமல் சுத்தமாகக் கூட்டி வாரியிருந்தது. "இதுல என்ன வண்டி வரும்?" என்று கேட்டேன். எந்த வண்டியும் வராது. அது தீத்தடுப்புக் கோடு. மாசி, பங்குனியில் அடிவாரத்தில் புல் தீப்பிடித்தால் மேலே ஏறி வரும். இந்தக் கோட்டுக்கு வந்ததும் எரிய எதுவும் இல்லாமல் நின்றுவிட வேண்டும். ஒன்றரை மாதமாக ஆட்களோடு நின்று தாரணி வெட்ட வைத்தது, இன்னும் கால்வாசி பாக்கி. யாரும் போகாத ரோட்டுக்கு இவ்வளவு பாடா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு வாரியை வாங்கிக்கொண்டு நானும் கொஞ்ச தூரம் சருகு வாரினேன். அரை மணியில் இடுப்பு விட்டுப்போனது.

திரும்பும்போது சடையன் கையை உயர்த்தினார். நின்றோம். வழியோரத்தில் ஒரு கரையான் புற்று புதிதாகத் தோண்டப்பட்டு, ஈர மண் சிதறிக் கிடந்தது. நாய் நனைந்தால் வருவது போன்ற ஒரு வாடை. "கரடிங்க. இப்பத்தான் போயிருக்குது" என்றார் மெல்ல. பத்து நிமிடம் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். எனக்கு நெஞ்சு அடித்த சத்தம் கரடிக்கே கேட்டிருக்கும். மகளோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நேரக் கணக்கில் இருந்தாள். செல்வி சொன்ன கரடி கற்பனை இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

குவார்ட்டர்ஸில் களி சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டினேன். ஐந்து மணி ஆனதும் தாரணி மறுபடி பூட்ஸ் மாட்டினாள். சடையனும் தடியோடு கிளம்பினார்.

"மறுக்காவும் எங்க சாமி?"

"அம்மாவுக்குப் பேச."

அரை மணி நேர ஏற்றம். மரவேர்களைப் பிடித்து ஏற வேண்டியது பாதி. மூச்சு வாங்கி மேலே போய் நின்றால் மலையின் மேற்கு விளிம்பு, ஒரு மொட்டைப் பாறை. அதற்கு அப்பால் காலடியில் எங்கள் சமவெளி முழுவதும் கிடந்தது. கோழிப் பண்ணைகளின் தகரக் கூரைகள் வரிசை வரிசையாக. நைனாமலை ஒரு கூழாங்கல் அளவுக்கு. சேந்தமங்கலம் ரோட்டில் லாரிகள் எறும்பாக ஊர்ந்தன. தூரத்தில் ஜேடர்பாளையம் பக்கம் காவிரி ஒரு கம்பி அளவுக்கு மின்னியது. நான் வாழ்ந்ததெல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்டது. "அதோ டேங்க்கு, அதுக்குப் பக்கத்துல நம்ம ஊடு!" என்று கூவினேன்.

தாரணி அதைக் கேட்கவில்லை. பாறையின் கோடியில், ஒற்றைக் காலை மட்டும் கீழ்க்கல்லில் ஊன்றி, போனை வலது காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஓர் இடத்தில், அந்தப் பக்கம் திரும்பி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல். "சாப்டீங்களாம்மா... அப்பா நல்லா இருக்காரு... இல்ல, குளிரு அவ்வளவா இல்ல..." மூன்று நிமிடம். "வெச்சர்றேம்மா."

"ஏஞ்சாமி, இவ்வளவு தூரம் ஏறி வந்து இன்னுங் கொஞ்சம் பேசுனா என்ன?"

"இருட்டறதுக்குள்ள எறங்கோணுமுங்கப்பா. ஆறு மணிக்கு மேல இது கரடி வர்ற வழி."

"தெனமுமா இப்படி ஏறுற?"

"ஆமாங்க."

"அம்மாகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா இனிமே போனே பண்ணாதேன்னுருவாங்க. நீங்களுஞ் சொல்லீராதீங்கப்பா" என்றாள்.

மூன்று நிமிடம் மூன்று நிமிடம் என்று எட்டு மாதமாக நானும் சேர்ந்து குறை சொல்லியிருக்கிறேன். இறங்க ஆரம்பிக்கும் முன் சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்து நீட்டினேன். இனியும் மறைத்து வைக்க முடியவில்லை.

"தெரியுமுங்கப்பா. எனக்கு மெசேஜ் வந்துச்சு. நீங்க வந்ததே இதுக்குத்தான்னும் தெரியும்." நேற்று எனக்குச் சீட்டு எழுதிய அதே பேனாவைத் திறந்தாள். "நீங்க போடுன்னா போட்டுடறேன். உங்க ரெண்டு பேரையும் வருத்தி நான் இங்க இருக்க மாட்டேன்."

பேனா கையில் காத்திருக்கிறது. நான் தலையை ஆட்டினால் போதும்.

முப்பத்தொரு வருடம் நான் வண்டி எடுத்துக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் பக்கத்து வீட்டு போனுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை பேசுவேன், அதுவும் தாபாவில் வரிசையில் நின்று. செல்வி ஒரு நாளும் திரும்பி வா என்று சொன்னதில்லை. காத்திருந்தாள். இப்போது எனக்குப் பதில் இன்னொருத்திக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய குறை அதுதான். கரடி, வரன் எல்லாம் மேல் பூச்சு. அதை நினைத்தபோது "போடு" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும் சாமி? மறைக்காமச் சொல்லு."

"கோடு இன்னுங் கால்வாசி வெட்டோணும்" என்றாள். பிறகு காட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் இங்கயே இருக்கோணுமுங்கப்பா" என்றாள்.

உத்தரவை வாங்கி நாலாக மடித்துத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொன்னபோது எனக்கே என் தைரியத்தில் நம்பிக்கை இல்லை.

திங்கள் காலை கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். அவள் பைக்கிலிருந்து கழன்ற ஒரு பக்கக் கண்ணாடி மூலையில் கிடந்தது. ராஜஸ்தான் பக்கம் ஒருமுறை வண்டி நடுக்காட்டில் படுத்துவிட்டபோது, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து அடித்துத்தான் தூரத்து வண்டியைக் கூப்பிட்டோம். கையை நீட்டி இரண்டு விரலை விரித்து, நடுவில் குறியை வைத்து, வெளிச்சத்தை விரலில் விழவைக்க வேண்டும். தாரணிக்குக் கற்றுக்கொடுத்தேன். அவள் முதல் குறியைத் தூரத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த சடையன் மூஞ்சியிலேயே அடித்தாள்.

செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தேன். ஆட்டுக்கால் சூப்பின் சுவை அப்படியே இருக்கிறது, அது வெறும் கிழங்கு! முட்டி வலி ஓடிப்போகும் என்றார் கடைக்காரர். இரண்டு டம்ளர் குடித்தேன். இறங்கும்போது ஒரு வளைவில் பின்சீட்டுக்காரர் ஜன்னல் வழியே கடலைப் பொட்டலத்தை நீட்டினார். "ஏனுங்க! உள்ள எடுங்க கைய!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவரே பிரேக் அடித்துவிட்டார்.

வீட்டில் உத்தரவை மேஜைமேல் வைத்தேன். செல்வி பிரித்துப் பார்த்தாள். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

"அவ போடலீங்களா, நீங்க போட விடலீங்களா?"

"ரெண்டுந்தான்."

அன்றைக்கு அதற்கப்புறம் வீட்டில் பேச்சு இல்லை. தட்டு மட்டும் சத்தமாக வந்து விழுந்தது.

செவ்வாய் காலை எழுந்து பார்த்தால் செல்வி நல்ல சேலை கட்டி, பையோடு வாசலில் நின்றாள். பையில் உத்தரவு. "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது. நானே போயிக் கூட்டிட்டு வாரேன்."

அப்போதுதான் சொன்னேன். சொல்லாதே என்று மகள் கேட்டுக்கொண்டதை மீறித்தான் சொன்னேன். அரை மணி ஏற்றம், மொட்டைப் பாறை, ஒற்றைக் காலில் நின்று இரண்டு கோடு சிக்னல், ஆறு மணிக்குக் கரடி வரும் வழி. எல்லாவற்றையும் சொன்னேன்.

செல்வி மலைப்பக்கம் திரும்பினாள். "தெனமுமா?" என்றாள்.

"தெனமும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். பஸ் நேரம் போனது. மத்தியானம் போனது. அவள் அந்தப் பையைத் திரும்ப எடுக்கவும் இல்லை, உள்ளே கொண்டுபோய் வைக்கவும் இல்லை.

ஐந்தேகாலுக்கு அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை. மேற்கு வெயில் விழுந்து மலை முழுவதும் செம்பு நிறத்தில் இருந்தது. மகளிடம் நான் சொல்லி வைத்திருந்த ஐந்தரை ஆனது. ஒன்றும் இல்லை. கண்ணாடியை மறந்துவிட்டாளோ, குறி தவறுகிறதோ என்று கண்ணைச் சுருக்கி மலை விளிம்பில் தேடினேன். அப்போது நான் காட்டிய இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, பளிச்சென்று ஒரு வெளிச்சம். அணைந்தது. மறுபடி பளிச்.

"அவதான்" என்றேன்.

செல்வி கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போன் அடித்தது.

"அம்மா, தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது சாமி. நல்லாத் தெரிஞ்சுது. ஒத்தக் காலுலயா நிக்கறே? ... சடையன் கூட இருக்காரா? ... டார்ச்சு எடுத்துக்கிட்டயா?" அந்தப் பக்கம் மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உத்தரவைப் பற்றித்தான் இருக்க வேண்டும். செல்வி விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். இன்னிக்குத் தேதி முடிஞ்சுது, விடு. போதும், போன வை. எறங்கு. இருட்டறதுக்குள்ள எறங்கு. நாளைக்குப் பேசிக்கலாம்."

வைத்துவிட்டாள். பழக்க தோஷத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

கீழே போகலாம் என்றேன். அவள் வரவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு, வெயில் அடியிலிருந்து மேலே ஏறி ஏறிக் கடைசியில் விளிம்பை விட்டுப் போகும்வரை நின்றாள். ஆறு மணி ஆனதும், "இந்நேரம் எறங்கீருப்பா" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பற்றவைக்கக் கீழே போனாள்.